பி.டி. பீரியடைக் கல்லூரிக்கும் கொடுங்கள்

பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு, வழக்கமான வகுப்புகள் தொடங்கும் முன்பு மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2017-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. காலை 6 மணிக்கு எல்லா மாணவர்களும் மைதானத்துக்கு வந்து எளிய உடற்பயிற்சியோ யோகாவோ சேர்ந்து செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. விடுதி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய நேரம் அது. திருத்தணியிலும் செய்யாறிலும் விடிவதற்கு முன்பே காலேஜ் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளை எந்த மைதானத்தில் போய் நிற்பது? அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நான்காவது வாரம் பாடம் ஆரம்பித்ததும் அது மறைந்துபோகிறது. மைதானம் டீம் ஆட்டக்காரர்களின் சொத்தாகிறது. சோனல் மேட்ச் ஆடப்போகும் சில டஜன் பேரைத் தவிர, மற்றவர்கள் அடுத்த நான்கு வருடத்தில் அந்தப் பக்கம் போவது ஸ்போர்ட்ஸ் டே அன்றுதான், அதுவும் கைதட்டுவதற்கு. கல்லூரி வயதில் உடற்பயிற்சி விட்டுப்போவதற்குப் பிள்ளைகளின் சோம்பலைக் காரணம் சொல்வது வழக்கம். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு நேரமில்லை என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பெரிய குறை, குறித்த நேரத்தில் தெரிந்த முகங்களோடு சேர்ந்து செய்ய ஓர் ஏற்பாடு இல்லாததுதான். அந்த ஏற்பாட்டைக் கல்லூரிதான் செய்ய முடியும், அதையும் கால அட்டவணைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் உலகப் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், ஏறக்குறைய 180 கோடிப் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். இந்தியாவில் அது ஏறத்தாழ 50 சதவீதம். 2000-ல் 22 சதவீதமாக இருந்தது. 2022-ல் இந்திய ஆண்களில் 42, பெண்களில் 57. போதிய உழைப்பு என்று அந்த நிறுவனம் சொல்வதும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி. கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தார்கள். ஓய்வுநேரத்தில் ஆட்டமோ ஓட்டமோ உடற்பயிற்சியோ செய்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. அதாவது நம் ஊரில் உடல் அசைவது பெரும்பாலும் வேலைக்காகத்தான். வேலை நாற்காலிக்கு மாறிவிட்டால் அசைவும் நின்றுவிடும். கல்லூரிப் பிள்ளைகள் படிப்பதோ நாற்காலி வேலைக்கு. அதே ஆய்வுத் தொடரின் 2023 அறிக்கை தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. இருபது வயதில் ஏறும் தொப்பையை நாற்பது வயதில் இறக்கப் படும் பாட்டை எந்தச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார்.

உடலை அசைக்காமல் இருக்கும் இந்தப் பழக்கம் கல்லூரியில் தொடங்குவதும் இல்லை. பிளஸ் டூ கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று அச்சடித்திருக்கும். மணி அடித்ததும் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு உள்ளே வருவார். இரண்டு வருடம் இப்படிப் போனபின், நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங்கும் சேர்ந்துகொண்டபின், மைதானம் என்பது படிக்காத பையன்களுடைய இடம் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. கல்லூரியிலோ அந்தப் பெயரளவு பீரியடும் கிடையாது.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்டால் ‘ஜிம் இருக்கிறதே’ என்பார்கள். பல கல்லூரிகளில் இருக்கிறது: இரண்டு டிரெட்மில் (அதில் ஒன்று ரிப்பேர்), கொஞ்சம் டம்பெல், ஆளுயரக் கண்ணாடி. மாலையில் போய்ப் பார்த்தால் ஏற்கெனவே புஜம் முறுக்கேறிய பத்துப் பதினைந்து பையன்கள் இருப்பார்கள். ஒல்லிப் பையனும் குண்டுப் பையனும் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். இடம் கொடுத்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதைக் காசு கட்டிச் சேர்ந்தவர்களிடமே பார்க்கலாம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று ஜிம்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாகப் போனது மாதத்துக்கு 4.3 முறை. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் செலவு. பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். இவர்கள் ஏமாளிகள் அல்ல. அடுத்த மாதத்து ‘நான்’ இந்த மாதத்து ‘நானை’விடச் சுறுசுறுப்பாக இருப்பேன் என்று நம்பியவர்கள். ஜனவரி முதல் தேதியில் சேர்ந்து பொங்கல் விடுமுறையோடு நிறுத்திக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களும் இதே இனம்தான். தனியாகப் பயிற்சி செய்பவர் தினமும் காலையில் தன்னோடு தானே ஒருமுறை வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது. இன்டர்னல் தேர்வு வாரத்தில் அந்த வாதத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டுப் பயிற்சி வகுப்பு இந்த வாதத்தையே எடுத்துவிடுகிறது. செவ்வாயும் வியாழனும் கடைசி பீரியட் என்றால் செவ்வாயும் வியாழனும் கடைசி பீரியட்தான். போகலாமா வேண்டாமா என்ற கேள்வி வாரத்துக்கு இரண்டு முறை எழுவதில்லை. வராவிட்டால் பக்கத்தில் நிற்பவள் ‘ஏன்டி நேத்து வரல?’ என்று கேட்பாள். பல பேருக்கு இந்தக் கேள்வி போதும். வந்தபின்னும் கூட்டம் வேலை செய்கிறது. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகோட்டும் சங்கத்து ஆட்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இருவர் சேர்ந்து ஒரு கனமான கம்பியைத் தூக்க வேண்டும். ஒருவர் விட்டால் ஆட்டம் முடிந்தது. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியபோது தாங்கிய நேரத்தைவிட அதிக நேரம் தாங்கினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெபோரா ஃபெல்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் இதையே கல்லூரி மாணவர்களிடம் பிளாங்க் பயிற்சியில் பார்த்தார்கள். தன்னைவிடச் சற்றே தேறிய கூட்டாளி ஒருவர் திரையில் தெரிந்தபோது மாணவர்கள் 24 சதவீதம் கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா கோஹனும் ராபின் டன்பாரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பல்கலைக்கழகப் படகுக் குழுவினர் 12 பேர் துடுப்பு இயந்திரத்தில் 45 நிமிடம் ஒரு நாள் தனியாக, ஒரு நாள் குழுவாக ஒரே தாளத்தில் பயிற்சி செய்தார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து செய்த நாளில் வலியைத் தாங்கும் அளவு மிகக் கூடுதலாக இருந்தது. ஒரே தாளத்தில் உடல்கள் இயங்கும்போது எண்டார்ஃபின் அதிகம் சுரக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். நாற்று நடவிலும் கப்பலில் பாய் இழுப்பதிலும் பாட்டு ஏன் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. பன்னிரண்டே பேர், அனைவரும் ஆண்கள், அனைவரும் பழகிய விளையாட்டு வீரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மாணவர்களைப் பற்றி நேரடியாகப் பேசும் ஆய்வு ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து 2017-ல் வந்தது. நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் டேனா யோர்க்ஸும் சகாக்களும் 69 மருத்துவ மாணவர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். மருத்துவ மாணவர்களைவிட நேரமில்லாதவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரக் கூட்டு வகுப்புக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினர் தனியாகவோ ஓரிரு நண்பர்களோடோ வாரம் இருமுறையாவது பயிற்சி செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவும் செய்யவில்லை. முடிவில் கூட்டு வகுப்புக்காரர்களின் மன அழுத்த அளவு 26.2 சதவீதம் குறைந்திருந்தது. உடல், மனம், உணர்வு மூன்றிலும் வாழ்க்கைத் தரம் ஏறியிருந்தது. தனியாகச் செய்தவர்கள் அதிக நேரம் பயிற்சி செய்தும் மன அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. பத்திரிகைகளும் இதைக் கொண்டாடின. ஆனால் இந்த ஆய்வில் ஓர் ஓட்டை உண்டு. யார் எந்தப் பிரிவு என்பதை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தோடு சேர விரும்பும் கலகலப்பான சுபாவக்காரர்களே கூட்டு வகுப்புக்குப் போயிருந்தால், பலன் வகுப்புடையதா சுபாவத்துடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஆட்சேபம் நியாயமானது. பதில் தேட மாணவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்காத இடத்துக்குப் போக வேண்டும். அமெரிக்க விமானப்படை அகாடமி அப்படிப்பட்ட இடம். அங்கே புதிய மாணவர்களைச் சுமார் முப்பது பேர் கொண்ட குழுக்களாக நிர்வாகமே கலைத்துப் போட்டுப் பிரிக்கிறது. நண்பனைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடையாது. ஸ்காட் கேரல், மார்க் ஹெக்ஸ்ட்ரா, ஜேம்ஸ் வெஸ்ட் மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, குழுவினருடைய உடல்தகுதி ஒவ்வொரு மாணவருடைய உடல்தகுதியையும் மாற்றுவதைக் காட்டியது. ஆக, கூட்டம் மனிதரை மாற்றுகிறது என்பது சுபாவத்தால் வந்த மயக்கம் இல்லை. ஆனால் அதே ஆய்வு என் வாதத்துக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறது. அந்தப் பாதிப்பு முக்கியமாக வந்தது குழுவில் மிகவும் பின்தங்கியவர்களிடமிருந்து. அதாவது, கூட்டம் தூக்கிவிடுவதைவிட எளிதாக இழுத்துப் போட்டுவிடும். விடுதி அறையில் நால்வரில் இருவர் இரவு இரண்டு மணிவரை மொபைலில் ரீல்ஸ் பார்த்தால் மற்ற இருவரும் அதிகாலையில் எழுந்து ஓடப்போவதில்லை என்பது வார்டன்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். மாணவர்கள் எப்படியும் ஏதோ ஒரு கூட்டத்தின் பிடியில்தான் இருக்கிறார்கள். கல்லூரி ஒன்றும் செய்யாமல் விட்டால் அது ரீல்ஸ் பார்க்கும் கூட்டமாக இருக்கும்.

எந்தக் கூட்டமும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஷானா பர்க்கும் சகாக்களும் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வந்த முடிவைக் கல்லூரிகள் சுவரில் எழுதி ஒட்டலாம். குழுவாக உருவாக்கப்பட்ட, ஒருவரையொருவர் தெரிந்த, பொதுவான இலக்கு வைத்த கூட்டம் மற்ற எல்லா வழிகளையும்விட நல்ல பலன் தந்தது. சாதாரண வகுப்பு, அதாவது முன்னால் ஒருவர் கத்திக்கொண்டிருக்கப் பின்னால் அந்நியர்கள் கை காலை ஆட்டும் வகுப்பு, வீட்டில் செய்துகொண்டே பயிற்சியாளரோடு தொடர்பில் இருப்பவர்களைவிட மேலாக இல்லை. யாருடைய தொடர்பும் இல்லாமல் வீட்டில் தனியாகச் செய்தவர்கள் கடைசி. ஜூன் 21 அன்று ஆயிரம் பேரை வெள்ளைச் சட்டையில் நிறுத்தி, டிரோன் விட்டுப் படமெடுத்து, சான்றிதழ் கொடுக்கும் யோகா தின விழாக்களால் மறுநாள் காலையில் எதுவும் மாறாததன் காரணம் இதில் இருக்கிறது. வேண்டியது இருபத்தைந்து, முப்பது பேர் கொண்ட நிலையான குழு. செமஸ்டர் முழுக்க அதே முகங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் அதே பயிற்சியாளர். இரண்டு துறைகளைக் கலந்து போட்டால் இன்னும் நல்லது, மெக்கானிக்கலும் பி.காமும் வேறு எங்கே சந்தித்துக்கொள்ளப் போகிறார்கள்?

இப்போது நேரத்துக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சண்டை இங்கேதான். புறநகர்ப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் டே ஸ்காலர் ஒருவருடைய நாளைப் பாருங்கள். ஆறு, ஆறரைக்குக் காலேஜ் பஸ். எட்டரை வாக்கில் முதல் பீரியட். நான்கு, நாலேகாலுக்கு வகுப்பு முடிந்ததும் பஸ்கள் இன்ஜினை உறுமவிட்டு வரிசையில் நிற்கும். பத்து நிமிடம் தாமதித்தால் போய்விடும். வீடு சேர ஆறரை. அப்புறம் ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட், மறுநாள் டெஸ்ட். இந்தப் பிள்ளையிடம் ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று சொற்பொழிவாற்றுவது அநியாயம். ‘மாலை 5 மணிக்கு ஜிம் திறந்திருக்கும்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் அதே அநியாயம்தான், கொஞ்சம் மரியாதையாக. பஸ் புறப்பட்டபின் நடக்கும் எந்த வகுப்பும் விடுதி மாணவர்களுக்கான வகுப்பு. எனவேதான் அது கால அட்டவணைக்குள் வர வேண்டும் என்கிறேன். எங்கே இடம் என்று கேட்பவர்கள் பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு எங்கிருந்து இடம் வந்தது என்று யோசிக்கட்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆப்டிடியூட் வகுப்பு என்று ஒன்று பெரும்பாலான கால அட்டவணைகளில் இல்லை. கம்பெனிகள் கேட்டன, பீரியட் முளைத்தது. லைப்ரரி ஹவர், மென்டார் ஹவர் என்று எழுதிவிட்டுப் பாடம் முடிக்கப் பயன்படுத்தும் பீரியட்களும் உண்டு. வாரம் இரண்டு கேட்கிறோம். தலா ஐம்பது நிமிடத்தில் உடை மாற்றவும் முகம் கழுவவும் போக முப்பது, முப்பத்தைந்து நிமிடம் பயிற்சி. மூச்சு வாங்கும் வேகத்தில் செய்தால் இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 75 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதும் மாடிப்படி ஏறுவதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குக் குறைவான பயிற்சி கணக்கில் சேராது என்ற பழைய விதியை அந்த நிறுவனம் 2020 வழிகாட்டியில் எடுத்துவிட்டது.

பாடம் கெடும் என்பார்கள். ஒரு வாரத்துக்கு நாற்பது பீரியட் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் இரண்டு பீரியட்களில் எவ்வளவு உள்வாங்குகிறது என்பதைக் கடைசி பெஞ்சிலிருந்து ஒருநாள் பார்த்தால் இந்தக் கவலை குறையும்.

பெண்களைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. உடற்பயிற்சியில் பெரும்பாலான இடங்களில் பெண்கள்தான் பின்தங்கியிருக்கிறார்கள். ஆனால் தடைகள் அவர்களுக்குள் இல்லை, வெளியே இருக்கின்றன. பல பெண்கள் விடுதிகளில் ஆறு, ஆறரைக்கெல்லாம் கேட் மூடிவிடும். வெயில் தாழ்ந்து மைதானம் பயன்படும் அந்த ஒரு மணி நேரம் பையன்களுக்கு. குதித்துச் செய்யும் பயிற்சியில் சுடிதார் துப்பட்டாவோடு மல்லுக்கட்ட வேண்டும். டிராக் பேன்ட் போட்டால் மாடியிலிருந்து விசில். இப்போது விசிலைவிட மோசமானது மாடியிலிருந்து நீளும் மொபைல். கேரள அரசு 2025 ஜூனில் போதைப் பழக்கத்துக்கு எதிரான இயக்கத்தின் பகுதியாகப் பள்ளிகளில் ஜூம்பா கொண்டுவந்தபோது, ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதையும் உடையையும் காட்டிச் சில மத அமைப்புகள் எதிர்த்தன; அரசு பின்வாங்கவில்லை. அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வெட்கப்படும் பெண்ணின் தயக்கத்தையும் மேடைபோட்டுக் கண்டிப்பவரின் கோபத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முன்னதற்குத் தீர்வு எளிது. மூடிய செமினார் ஹால், பெண் பயிற்சியாளர், வாசலில் எல்லோருடைய மொபைலும் ஒரு கூடையில், தளர்வான டிஷர்ட்டும் பேன்ட்டும், பூட்டுள்ள உடைமாற்றும் அறை. கலந்து செய்ய விரும்பும் குழுக்களுக்கு அதற்கும் இடம் இருக்கட்டும். சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வளரிளம் பெண்களுக்காகவே ‘தாண்டவ்’ என்ற பெயரில் பத்து நிமிட வேக நடனப் பயிற்சி ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் ஓட மறுக்கலாம், ஆட மறுப்பதில்லை என்ற புரிதல் அதன் பின்னால் இருக்கிறது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டிபனை விட்டுவிட்டு வந்த, ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணை முதல் நாளே ‘இன்னும் இருபது, கமான்’ என்று விரட்டினால் மயங்கி விழுவாள். மறுநாளிலிருந்து அவளும் வர மாட்டாள், பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் வர மாட்டார்கள். பழகாத உடலில் திடீரென்று கடும் பயிற்சி கொடுத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயமும் மருத்துவம் அறிந்ததே. அதனால் முதல் மூன்று வாரம் யாரையும் வியர்க்க வைத்தே தீருவேன் என்று கிளம்பும் பயிற்சியாளர் வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, பழைய எலும்பு முறிவு பற்றி ஒரு பக்கக் கேள்வித்தாள், ஹீமோகுளோபின் பரிசோதனை, மாதவிடாய் நாளில் காரணம் சொல்லாமலே உட்கார்ந்துகொள்ள அனுமதி போதும். எடைபார்க்கும் மெஷினை ஹாலுக்குள் கொண்டுவரவே கூடாது. குண்டாக இருக்கும் மாணவரைக் கேலி செய்து சிரிக்கவைக்கும் மாஸ்டர் ஒருவர் ஒரே வாரத்தில் ஒரு குழுவைக் கலைத்துவிடுவார்.

கட்டாயப்படுத்தினால் வெறுத்துவிடுவார்கள் என்பதும் காதில் விழுகிறது. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்ற மிரட்டலில் நாலு வருடம் ஓட்டும் பிள்ளைகள், இதிலும் ‘பிரசன்ட் சார்’ சொல்லிவிட்டு மரத்தடியில் ஒதுங்கிவிடலாம். உண்மைதான். இதற்குப் பாதி வழி நம்மிடமே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முதலாமாண்டு பி.டெக். மாணவர்கள் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ. எனப்படும் விளையாட்டு அமைப்பு, இவற்றில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். எதில் என்பது அவர்கள் விருப்பம். அதுபோல நேரம் கட்டாயம், வகை விருப்பம் என்று வைக்கலாம். சிலம்பம் ஒரு குழு, ஜூம்பா ஒரு குழு, யோகா ஒன்று, பறையாட்டம் ஒன்று. பறை அடித்துக்கொண்டே அரை மணி நேரம் அடவு போட்டவருக்குத் தெரியும், எந்த ஏரோபிக்ஸும் அதற்கு இளைத்ததுதான். மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தால் தியரி பேப்பர் வரும், தியரி பேப்பர் வந்தால் ‘உடற்பயிற்சியின் பயன்கள் யாவை?’ என்று பத்து மார்க் கேள்வி வரும்.

யார் சொல்லிக்கொடுப்பது? பிசிகல் டைரக்டர் ஒருவர், பெரிய கல்லூரியில் இருவர். அவர்களுக்கு டோர்னமென்ட் தேதிகளும் டி.ஏ. பில்லும் பார்க்கவே வருடம் போய்விடுகிறது. ஆனால் இது ஆள் பஞ்சமுள்ள ஊர் அல்ல. ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. அது போன்ற கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருபவர்களில் பலர் ஒப்பந்தச் சம்பளத்தில் பள்ளிகளில் அலைகிறார்கள். ஒரு கல்லூரிக்கு இருவரைக் கூடுதலாக எடுத்து, மூன்றாமாண்டு மாணவர்களில் குழுவுக்கு ஒருவரைத் துணைக்குப் பழக்கினால் போதும். துணைக்கு மாணவர்கள் முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் கல்ச்சுரல்ஸ் வருவதற்கு முந்தைய மாதம் எந்தக் கல்லூரி போர்ட்டிகோவுக்கும் போய்ப் பார்க்கலாம். தூணில் சாய்த்து வைத்த புளூடூத் ஸ்பீக்கர், ‘ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்’ என்று எண்ணும் ஒரு பைனல் இயர் பெண், வியர்வை சொட்டச் சொட்டப் பதினாறு பேர். ஒருவர் இடது காலை முன்னால் வைத்துவிட்டால் பாட்டு நிற்கும், திட்டு விழும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் ஓடும். யாரும் அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைப்பதில்லை, அட்டெண்டென்ஸ் எடுப்பதில்லை, அசைன்மென்டையும் எப்படியோ முடித்துவிடுகிறார்கள். நிலையான குழு, பொது இலக்கு, தாளம், வராவிட்டால் கேட்க ஆள் என்று பர்க்கின் தொகுப்பாய்வு கேட்பது எல்லாம் அங்கே இருக்கிறது. ஒரே குறை, விழா முடிந்த மறுநாள் அது கலைந்துவிடுகிறது. அதோடு, நன்றாக ஆடுபவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை: ஸ்பீக்கர், பாய்கள், மின்விசிறி ஓடும் ஹால், குடிதண்ணீர். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் மைதானத்தை நம்ப முடியாது என்பதால் கூரை முக்கியம். சம்பளம்தான் செலவு, அந்தத் தொகையும் ஜிம்முக்கு வாங்கிப்போட்டுத் துருப்பிடிக்கும் இயந்திரங்களின் விலையோடு ஒப்பிட்டால் மிரட்டாது. அரசுக் கலைக் கல்லூரிகளில் ஹாலுக்கே வழியில்லாத இடங்கள் உண்டு. அங்கே மரநிழலில் தொடங்கலாம், ஆனால் உடைமாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாமல் பெண்களுக்கு அங்கே எதையும் தொடங்க முடியாது. அந்தக் கல்லூரிகளில் உடற்பயிற்சித் திட்டம் என்பது முதலில் கழிப்பறைத் திட்டம்தான்.

ஒரு செமஸ்டர் நடத்திய பிறகு பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் போட்டோ ஆல்பத்தைக் காட்டி வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். எத்தனை கிலோ குறைந்தது என்பது தவறான அளவுகோல், மூன்று மாதத்தில் வாரம் இரண்டு பீரியடால் எடை பெரிதாகக் குறையப்போவதில்லை. முதல் வாரக் கூட்டத்தையும் எண்ண வேண்டாம், புதுசுக்கு எல்லோரும் வருவார்கள். இரண்டாவது இன்டர்னல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பதில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் அதுவரை எந்த விளையாட்டிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று மூன்று எண்களை ஒவ்வொரு குழுவிலும் குறித்தால் போதும். குறைந்த குழுவில் போய் ஏன் வரவில்லை என்று வராதவர்களைக் கேட்க வேண்டும், வந்தவர்களை அல்ல. அடுத்த செமஸ்டர் கால அட்டவணை போட உட்காரும்போது அந்தப் பதில்கள் மேசைமேல் இருக்க வேண்டும். கணக்கு சார் அந்த பீரியடைக் கேட்டு வருவார். அப்போது காட்டவும் உதவும்.